பிளீப்: யாராவது முன்பே சொல்லியிருந்தால்

எங்கள் குடும்பத்தில் ராணுவச் சீருடை போட்ட முதல் ஆள் என் மகன்தான். பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பி, டாலஸ் பக்கம் வந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. எங்கள் வட்டத்தில் பிள்ளைகள் எல்லாம் கணினி, மருத்துவம் என்றுதான் போனார்கள். அவன் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமிக்கு விண்ணப்பித்து, எங்கள் தொகுதியின் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரிடம் நேர்காணலுக்குப் போய், பரிந்துரை வாங்கி, இடமும் கிடைத்தபோது, வாழ்த்தியவர்களைவிட "ஏன் இப்படி?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். விவரம் கேட்க ஒருவரும் இல்லை. எல்லாவற்றையும் நானே இரவில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். அப்படிப் படித்ததில் ஒரே ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டதால் 2,000 டாலருக்கு மேல் போனது. பணம் போனதுகூடப் பரவாயில்லை. மகன் வாழ்க்கையில் திரும்பி வராத ஒரு நாளில் நான் பக்கத்தில் இல்லாமல் போனேன். அந்தச் சொல் பிளீப் (plebe), அங்கே முதலாம் ஆண்டு மாணவனைக் கூப்பிடும் பெயர்.

முதலில் அகராதியில் பார்த்தேன். பழைய ரோமாபுரியில் உயர்குடிகளுக்கு எதிரில் இருந்த சாதாரண ஜனங்களுக்கு லத்தீனில் பிளெப்ஸ் என்று பெயர். அதிலிருந்து வந்த சொல் இது. ஆங்கிலம்-தமிழ் அகராதியில் அதன் மூலச்சொல்லுக்குப் 'பாமரன், கீழ்நிலையைச் சேர்ந்தவன்' என்று போட்டிருந்தது. 'கீழ்' என்று தொடங்கும் சொல் நம் காதில் எப்படி விழும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அதைப் படித்துவிட்டு அழுதேன். பள்ளியில் முதல் மாணவனாக வந்த பிள்ளையை ஓர் ஆண்டு முழுக்க இப்படியா கூப்பிடுவார்கள் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஊரில் என் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "அது என்னட்டி பிளீப்பு? பிள்ளைக்குப் பேரு வச்சிருக்கோம்லா, அதைச் சொல்லிக் கூப்பிட மாட்டாவளா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இப்போது தெரியும். அகராதிப் பொருளோடு நின்றுவிடாதீர்கள், அங்கே பாதிதான் இருக்கிறது. வெஸ்ட் பாயின்ட்டில் பிளீப் என்றால் நான்காம் வகுப்பு கேடட், அதாவது முதலாம் ஆண்டு மாணவன். வகுப்புகளைத் தலைகீழாக எண்ணுவார்கள். முதலாம் ஆண்டு நான்காம் வகுப்பு, கடைசி ஆண்டு முதல் வகுப்பு. இரண்டாம் ஆண்டுக்காரர் யர்லிங், மூன்றாம் ஆண்டுக்காரர் கௌ, நான்காம் ஆண்டுக்காரர் ஃபர்ஸ்டி. யர்லிங் என்றால் ஒரு வயதுக் கன்று அல்லது குட்டி, கௌ என்றால் மாடுதான். இதை அம்மாவிடம் சொன்ன பிறகுதான் அவருக்கு மனசு ஆறியது. "அப்போ முதல் வருசம் கணக்கிலேயே சேத்தி இல்ல, அடுத்த வருசம் கன்னு, அதுக்கடுத்து மாடு. சரி, வளந்துதானே ஆவணும்" என்றார். நான் படித்த எந்த விளக்கமும் இவ்வளவு தெளிவாக இல்லை. பிளீப் என்பது பதவி இல்லை, வசவும் இல்லை. பிளீப்பின் முறையான பதவி கேடட் பிரைவேட். பிளீப் என்பது நான்கு படிகளில் முதல் படியின் பெயர். அங்கே அதிகாரியாக வெளியே வருகிற ஒவ்வொருவரும் அந்தப் படியில் ஓர் ஆண்டு நின்றவர்தான். இது புரிந்திருந்தால் அன்று ராத்திரி அழுதிருக்க மாட்டேன்.

ஆனால் என்னைக் கவிழ்த்தது இந்தப் பொருள் இல்லை. அந்தச் சொல் எங்கே, எந்த வாரத்திலிருந்து செல்லும் என்பதில்தான் தவறினேன்.

ஏப்ரல் மாதத்தில், பெற்றோர்கள் நடத்தும் ஒரு பக்கத்தில் 'பிளீப் பெற்றோர் வார இறுதி' என்று ஆகஸ்ட் மாதத் தேதிகள் போட்டிருந்தார்கள். வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் வரிசையாக நிற்கும் படம் மேலே இருந்தது. வெஸ்ட் பாயின்ட்டிலும் கோடையில் வெள்ளைச் சட்டை போடுவார்கள் என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பிளீப் என்ற சொல் இருக்கிறது, பெற்றோர் என்று இருக்கிறது, வெள்ளை உடுப்பு இருக்கிறது, போதாதா? அன்றைக்கே மூன்று பேருக்கு விமான டிக்கெட் போட்டேன், 1,170 டாலர். விடுதியில் மூன்று இரவு, ரத்து செய்தால் பணம் வராது என்ற விலைக்கு, 640 டாலர். ரத்து செய்யக்கூடிய அறை ஓர் இரவுக்கு முப்பது டாலர்தான் கூடுதல். அந்தத் தொண்ணூறு டாலரை மிச்சம் பிடித்தேன் என்று அன்று சந்தோஷப்பட்டது இன்றும் உறுத்துகிறது. அலுவலகத்தில் மிச்சமிருந்த விடுப்பையும் அந்த நாட்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜூலைத் தொடக்கத்தில் ஆர்-டே வந்தது. பிள்ளைகளை ஒப்படைக்கும் நாள். அரங்கில் உட்கார வைத்து விளக்கம் சொல்லிவிட்டு, விடைபெற 90 விநாடி என்றார்கள். உண்மையாகவே 90 விநாடிதான். எனக்கு என்ன பேசினேன் என்று நினைவில்லை. அவன் தோளில் கை வைத்தேன், "சாப்பிடுப்பா" என்றேன், அவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது. நீங்கள் போகப் போகிறீர்கள் என்றால், சொல்ல வேண்டியதை எல்லாம் முந்தின ராத்திரியே சொல்லிவிடுங்கள். அந்த 90 விநாடியை நம்பாதீர்கள். சாயங்காலம் மைதானத்தில் அவர்கள் உறுதிமொழி எடுப்பதைத் தூரத்திலிருந்து பார்க்கலாம். மொட்டைத் தலையாக, ஒரே மாதிரி உடுப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அதில் என் மகன் எவன் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஆறரை வாரம் அடிப்படைப் பயிற்சி. அங்கே அதை பீஸ்ட் என்பார்கள். போனை வாங்கி வைத்துவிடுவார்கள். எப்போதாவது சில நிமிடம் பேச விடுவார்கள், மற்றபடி கடிதம்தான். நான் தினமும் ஒரு கடிதம் எழுதினேன். உறையின் மேல், பெருமையாக இருக்கட்டுமே என்று, அவன் பெயருக்கு முன்னால் 'பிளீப்' என்று எழுதினேன். ஒரு வாரத்தில் ஏழு உறை. அவனிடமிருந்து வந்த முதல் கடிதத்தில் இரண்டே வரி அதைப் பற்றி: "அம்மா, தயவுசெய்து உறையில் பிளீப் என்று எழுதாதே. நான் இன்னும் பிளீப் இல்லை. நியூ கேடட் என்று மட்டும் போடு." கடிதம் வினியோகிக்கும்போது, இந்தப் பட்டம் உனக்கு எப்போது கிடைத்தது என்று மூத்த கேடட் கேட்டிருக்கிறார். புதிதாக வந்தவர்கள் தாமாகச் சொல்லக்கூடிய பதில்கள் நான்கே நான்கு. ஆம் ஐயா, இல்லை ஐயா, சாக்கு ஏதும் இல்லை ஐயா, எனக்குப் புரியவில்லை ஐயா. என் அம்மா எழுதிவிட்டார் என்று விளக்க அதில் இடமில்லை. 'சாக்கு ஏதும் இல்லை' என்று சொல்லிவிட்டு நின்றிருக்கிறான். கேட்டவர் மேல் தப்பே இல்லை, அது அவருடைய வேலை. தப்பு முழுக்க என்னுடையது. உறையில் பெயரும், சொன்னபடி கம்பெனி என்கிற படைப்பிரிவும் முகவரியும் தவிர வேறு எதுவும் வேண்டாம். ஒட்டுப்படம், செல்லப்பெயர், வண்ண மை, எதுவும் வேண்டாம். அங்கே மற்றவர் கண்ணில் தனியாகப் படாமல் இருப்பதுதான் அந்த ஆறரை வாரத்தில் பிள்ளைக்கு நிம்மதி. கடிதம் மட்டும் நிறைய எழுதுங்கள். ஊர்க் கதை, பக்கத்து வீட்டு நாய், என்ன சமைத்தீர்கள் என்று சாதாரண விஷயங்களாக எழுதுங்கள். என் கடிதங்களை விளக்கணைப்பதற்கு முன்னால் படித்துவிட்டுத்தான் தூங்கினானாம்.

இந்த இடத்திலேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். 'நான் இன்னும் பிளீப் இல்லை' என்று அவன் கைப்பட எழுதியிருக்கிறான். அப்படியென்றால் பிளீப்புகளின் பெற்றோருக்கான வார இறுதி எப்படி அந்தத் தேதியில் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்றாம் வாரக் கடிதத்தில் 'வீட்டுக்கு வந்துவிடலாமா என்று இருக்கிறது' என்று ஒரு வரி இருந்ததால், என் புத்தி முழுக்க அந்த ஒரு வரியிலேயே கிடந்தது. (அந்த வரி நிறைய பேர் கடிதத்தில் வரும் என்று பின்னால் தெரிந்தது. இரண்டு ஆண்டு முடிந்து மூன்றாம் ஆண்டு வகுப்பு தொடங்கும்வரை, ராணுவச் சேவைக் கடன் இல்லாமல் விலகிக்கொள்ளவும் முடியும். இதைத் தெரிந்து வைத்திருந்தால், நீங்கள் பதறாமல் பதில் எழுதலாம். அடுத்த கடிதத்தில் அவனே அதைப் பற்றி மூச்சு விடவில்லை.)

ஆகஸ்டில் நாங்கள் மூன்று பேரும் போய் இறங்கினோம். நெவார்க் விமான நிலையத்தில் 270 டாலருக்கு வண்டி வாடகைக்கு எடுத்து, ஒன்றேகால் மணி நேரம் ஓட்டி, அகாடமியை ஒட்டிய ஊரான ஹைலண்ட் ஃபால்ஸ் வந்து சேர்ந்தோம். பார்வையாளர் மையத்தில் அடையாள அட்டை காட்டி, அனுமதிச் சீட்டு வாங்கி உள்ளே போனோம். எந்தக் கூட்டமும் இல்லை. டிராபி பாயின்ட்டில் பழைய பீரங்கிகள் வரிசையாக இருக்கின்றன, அங்கிருந்து பார்த்தால் ஹட்சன் ஆறு இரண்டு மலைக்கு நடுவில் வளைந்து போகிறது. அவ்வளவு அழகான இடத்தில் என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அங்கே நின்றிருந்த வயதான ஒருவரிடம், பிளீப்புகளின் பெற்றோர் எங்கே கூடவேண்டும் என்று கேட்டேன். அந்த அகாடமியில் படித்து ஓய்வு பெற்றவர் போலிருந்தது. அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மிகவும் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, இந்த வாரம் வெஸ்ட் பாயின்ட்டில் பிளீப்பே கிடையாது. போன ஆண்டுப் பிளீப்புகள் யர்லிங் ஆகிவிட்டார்கள். புதியவர்கள் இன்னும் நியூ கேடட்தான், லேக் ஃபிரெடெரிக் பக்கம் காட்டில் இருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் வார இறுதி அன்னாபொலிஸில் நடப்பது."

அன்னாபொலிஸ் கடற்படை அகாடமி. மேரிலாந்தில், பல மணி நேரத் தூரத்தில். இரண்டு அகாடமியிலும் முதலாம் ஆண்டுக்கு ஒரே சொல், பிளீப். ஆனால் அன்னாபொலிஸில் உள்ளே நுழைந்த முதல் நாளே பிளீப் ஆகிவிடுகிறார்கள், அந்தக் கோடைப் பயிற்சிக்கே பிளீப் சம்மர் என்றுதான் பெயர். அது முடிகிற ஆகஸ்டில் பெற்றோரை அழைக்கிறார்கள். அடுத்த மே மாதம் ஹெர்ண்டன் நினைவுத்தூண் என்ற 21 அடிக் கல்தூணில் கொழுப்பைப் பூசி, அந்த வகுப்பே ஒருவர் தோளில் ஒருவராக ஏறி உச்சியில் இருக்கும் தொப்பியை மாற்றிவைத்த பிறகுதான் அந்தப் பெயர் போகிறது. வெஸ்ட் பாயின்ட்டில் அப்படி இல்லை. பீஸ்ட் முடிந்து, 12 மைல் சுமையோடு நடந்து திரும்பி, ஏ-டே என்கிற அணிவகுப்பில் கேடட் படையில் சேர்த்துக்கொண்ட பிறகுதான் முறைப்படி பிளீப். பேச்சில் சிலர் முன்னாலேயே சொல்லிவிடுவார்கள், அதனால் இன்னும் குழம்பும். 'பிளீப் பெற்றோர் வார இறுதி' என்ற பெயரில் வெஸ்ட் பாயின்ட்டிலும் ஒன்று உண்டு, ஆனால் அது கல்வியாண்டு தொடங்கிய பிறகு வேறு மாதத்தில் வரும்.

அந்த மூன்று நாளையும் எப்படிக் கழித்தோம் என்று எழுத எனக்குத் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறினோம். திங்கட்கிழமை காலை அவர்கள் அந்த 12 மைல் நடந்து வந்தார்கள். சாலை ஓரத்தில் குடும்பங்கள் நின்று கை தட்டி வரவேற்றன. ஒரே ஒரு நாள்! மேலும் ஐந்து நாள் கழித்துச் சனிக்கிழமை ஏ-டே. எனக்கு விடுப்பு தீர்ந்துவிட்டது, அந்தச் சனிக்கிழமையும் வேலை இருந்தது. என் கணவர் மட்டும் 560 டாலருக்குக் கடைசி நேர டிக்கெட் போட்டுப் போனார். அணிவகுப்பு முடிந்து பிள்ளைகளைக் குடும்பத்தோடு விட்ட நேரத்தில், அவர் போனில் என்னைக் கூப்பிட்டார். கழுத்தெல்லாம் எலும்பு தெரிய, கறுத்துப்போய், என் மகன் திரையில் சிரித்தான். "அம்மா, இப்போ எழுதலாம்மா, பிளீப்னு" என்றான். நான் அலுவலகக் கழிவறையில் நின்று அதைக் கேட்டேன்.

கூட்டிப் பார்த்தால் 2,640 டாலர். இதைத் தவிர்க்க நான் செய்திருக்க வேண்டியது மிகச் சின்ன வேலை. தேதி எதுவானாலும் அகாடமியின் சொந்த வலைத்தளத்தில் இருக்கும் நாட்காட்டியில் ஒரு முறை பார்த்திருக்க வேண்டும். பெற்றோர் பக்கங்கள் நல்லவைதான், பல மாநிலங்களில் பெற்றோர் சங்கங்கள் இருக்கின்றன, அவற்றில் சேருங்கள், நான் கடைசியில் சேர்ந்த சங்கம்தான் என்னைத் தாங்கியது. ஆனால் எந்தப் பக்கத்தில் என்ன படித்தாலும், இது எந்த அகாடமி என்று முதலில் பாருங்கள். முதலாம் ஆண்டுக்கு ஒவ்வோர் இடத்திலும் ஒரு பெயர் இருக்கிறது. கொலராடோவில் இருக்கும் விமானப்படை அகாடமியில் டூலி. அடிமை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். கடலோரக் காவல்படை அகாடமியில் முதல் கோடையில் ஸ்வாப். வெர்ஜீனியா ராணுவக் கல்லூரியில் ராட், அதாவது எலி. தென் கரோலைனாவில் சிட்டாடல் கல்லூரியில் நாப், மழித்த தலை கதவுக் குமிழ் மாதிரி இருப்பதால். வெர்மான்ட்டில் நார்விச்சில் ரூக். எங்கள் டெக்சஸிலேயே, ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கேடட் படையில் முதலாம் ஆண்டுக்காரர் ஃபிஷ். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளை அங்கே ஃபிஷ்ஷாக இருந்தவன்தான். அவன் அம்மாவை நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கூச்சப்பட்டுக்கொண்டு கேட்காமல் விட்டேன்.

அப்புறம், அந்த 12 மைல் நடைக்கும் ஏ-டேக்கும் நடுவில் வரும் வாரத்திலேயே கம்பெனிகளை மாற்றிப் பிரிப்பார்கள், ரீஆர்கி வாரம் என்று பெயர். பீஸ்டில் இருந்த கம்பெனி வேறு, கல்வியாண்டில் இருக்கப்போகும் கம்பெனி வேறு. நான்கு ரெஜிமென்ட், மொத்தம் 36 கம்பெனி. பழைய முகவரிக்கு எழுதிக்கொண்டே இருக்காதீர்கள், புதியதை உடனே கேட்டு வாங்குங்கள். அதிகாரிகளுக்கு ஏதாவது எழுத நேர்ந்தால் மகனைக் கேடட் என்று குறிப்பிடுங்கள். பிளீப் என்பது அவர்கள் தங்களுக்குள் பேசுவது, பெற்றோர் நாம் நமக்குள் பேசுவது. காகிதத்தில் அது வராது. தீனிப் பொட்டலம் அனுப்புவதற்கும் பீஸ்ட் முடியும்வரை பொறுங்கள். தின்பண்டத்துக்கு அங்கே பூடில் என்று பெயர். நான் முந்திக்கொண்டு அனுப்பிய முறுக்கும் அதிரசமும் அவன் கைக்கு வந்தபோது அதிரசம் பூத்துப்போயிருந்தது.

பிளீப் ஆண்டு முழுக்க அவன் செய்த வேலைகளைக் கேட்டால் அந்தச் சொல் ஏன் நிலைத்தது என்று புரியும். அணிவகுப்புக்கு இன்னும் எத்தனை நிமிடம் என்று நடைக்கூடத்தில் நின்று உரக்கச் சொல்ல வேண்டும். மூத்தவர்களின் சலவைத் துணியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், குப்பையை அகற்ற வேண்டும். கடற்படை அகாடமியோடு நடக்கும் அமெரிக்கக் கால்பந்தாட்டத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று எந்த நேரம் கேட்டாலும் சொல்ல வேண்டும். வசந்த காலத்தில் ஒரு நாள் ரெகக்னிஷன் நடந்தது. அன்றைக்கு மூத்தவர்கள் வரிசையாக வந்து பிளீப்பின் கையைக் குலுக்கித் தங்கள் பெயரைச் சொல்கிறார்கள். அதுவரை 'ஐயா' என்று மட்டும் அழைத்தவரை, அன்றிலிருந்து பெயர் சொல்லி அழைக்கலாம். உறையைப் பற்றிக் கேட்டாரே, அவர் கைகுலுக்கிவிட்டு, "உன் அம்மா எப்படி இருக்கிறார்? இன்னும் தினமும் எழுதுகிறாரா?" என்று கேட்டாராம். அன்று ராத்திரி அவன் போன் செய்து இதைச் சொன்னான், நான் பதில் பேச முடியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

போன மாதம் கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் கூப்பிட்டார். யாரோ என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். அவருடைய மகளுக்கு விமானப்படை அகாடமியில் இடம் கிடைத்திருக்கிறது. "அக்கா, பிளீப் பெற்றோர் வார இறுதி எப்போ வரும்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. டிக்கெட் போட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை, இன்று ராத்திரி போடலாம் என்று இருக்கிறேன் என்றார். நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். அங்கே பிளீப் கிடையாது, டூலி என்பார்கள், கோடைப் பயிற்சி முடியும்வரை அதுவும் இல்லை, பேசிக் என்று மட்டும்தான், அந்த அகாடமியின் நாட்காட்டியைத் திறந்து வையுங்கள், நான் காத்திருக்கிறேன் என்றேன். ஒன்றரை மணி நேரம் பேசினோம்.